குளங்களை இணைய வரைபடத்தில் ஏற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கணினி வகுப்பு விளம்பரங்கள் மொழி வாரியாகத்தான் வருகின்றன. பைதனுக்கு ஒரு வகுப்பு, ஜாவாவுக்கு ஒரு வகுப்பு, இணைய வடிவமைப்புக்கு இன்னொன்று. படித்து முடிக்கும் பிள்ளைகள் அந்தந்த மொழியில் கெட்டிக்காரராகத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் ஒரு கமக்கார அமைப்போ பிரதேச சபையோ "எங்கள் பிரிவுக் குளங்களையும் வாய்க்கால்களையும் போனில் பார்க்கிற மாதிரி ஒரு வரைபடம் போட்டுத் தாருங்கோ" என்று கேட்டால் எங்கே தொடங்குவதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை. இணைய வரைபடம் நான்கைந்து மொழிகளில் எழுதிய பகுதிகளைக் கோத்துச் செய்யும் பொருள். அந்தக் கோவை எங்கெங்கே அவிழும் என்பதை எந்த வகுப்பும் சொல்லிக் கொடுப்பதில்லை. மாரிக்கு முன் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் தரும்படி கேட்கிறோம்.

இணைய வரைபடத் தளம் அமைக்க உதவும் ஜியோநோட் என்ற திறந்த மூலக் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது, யாரும் காசில்லாமல் இறக்கி நிறுவலாம். உலக வங்கியின் அனர்த்த இடர் குறைப்புப் பிரிவின் ஆதரவோடு வளர்ந்தது. நம் நாட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் ரிஸ்க்இன்போ தளமும் அதன் மேல்தான் அமைக்கப்பட்டது. அதன் உட்புறத்தைத் திறந்து பார்த்தால் பயனர் கணக்கு, அனுமதி, தேடல், தரவு பற்றிய விபரம் எல்லாம் பைதனில், ஜாங்கோ என்ற சட்டகத்தில் இருக்கின்றன. வரைபடத்தைப் படமாக வரைந்து அனுப்பும் ஜியோசேர்வர் ஜாவாவில் எழுதியது. குளத்தின் எல்லைக்கோடு இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். அங்கே கோடு, புள்ளி, பரப்பு ஆகியவற்றைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் சி மொழியில் எழுதப்பட்டது, அதனோடு நாம் பேசுவது எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில். போனின் உலாவியில் ஓடி வரைபடத்தைக் காட்டும் மேப்ஸ்டோரும் அதனுள் இருக்கும் ஓபின்லேயர்சும் ஜாவாஸ்கிரிப்ட். இவற்றுக்கு முன்னால் வாசற்காரனாக நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர் மீண்டும் சி. நிறத்தையும் கோட்டுத் தடிப்பையும் சொல்லும் கோப்பு எக்ஸ்எம்எல், எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பி நிறுத்தும் டொக்கர் கோப்பு வேறொரு வடிவம்.

ஒரே மொழியில் ஏன் எழுதவில்லை என்று மாணவர் கேட்பது நியாயமான கேள்வி. இவை ஒரே ஆண்டில் ஒரே கூரையின் கீழ் எழுதப்பட்டவை அல்ல. ஆள்கூறுகளை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் புரோஜ் என்ற நிரல் நூலகம் அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தில் ஜெரால்ட் எவெண்டன் தொடங்கியது. இணையம் பொதுமக்கள் கைக்கு வருமுன்பே இருந்தது. கோப்பு வகைகளை வாசிக்கும் ஜிடிஏஎல் 1998இல் பிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. போஸ்ட்ஜிஐஎஸ், ஜியோசேர்வர் இரண்டும் 2001இல் தொடங்கியவை. ஓபின்லேயர்ஸ் 2006இல் வந்தது. அவரவர் காலத்தில் அவரவர் வேலைக்குப் பொருந்திய மொழியைப் பிடித்தார்கள். கணக்கு வேகமாக ஓடவேண்டிய இடத்தில் சி, உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட், ஒட்டுவேலைக்குப் பைதன். வடிவியல் கணக்கின் கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பரப்புகள் வெட்டுகின்றனவா, ஒரு புள்ளி எல்லைக்குள் விழுகிறதா என்ற கணக்குகளை ஜேடிஎஸ் என்ற நூலகம் முதலில் ஜாவாவில் எழுதியது. அதையே சி++ மொழிக்குப் பெயர்த்ததுதான் போஸ்ட்ஜிஐஎஸ் பயன்படுத்தும் ஜியோஸ். பைதனின் ஷேப்லியும் அதையே கூப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெயர்த்தது ஜேஎஸ்டிஎஸ். ஒரே கணக்கு, மூன்று மொழி.

குளக்கட்டில் நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் துருசடியில்தான், மண்கட்டும் கொங்கிறீற்றும் சேருமிடத்தில். இங்கேயும் அப்படித்தான். பைதன் பைதனாகச் சரி, ஜாவா ஜாவாவாகச் சரி. ஒன்று மற்றதன் கையில் தரவைக் கொடுக்கும் இடத்தில்தான் பிழை.

ஒரு குளத்தின் கோப்பை ஏற்றும்போது என்ன நடக்கிறதென்று பாருங்கள். உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ் வாங்குகிறது. அதன் இயல்பு எல்லை 1 மெகாபைட். அமைப்புக் கோப்பில் கூட்டி எழுதாவிட்டால் 413 என்ற எண்ணோடு அங்கேயே திருப்பி அனுப்பிவிடும், பைதனுக்குக் கோப்பு வந்த செய்தியே தெரியாது. எல்லையைக் கூட்டியிருந்தால் ஜாங்கோ அதைப் பெற்று, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் செலரியிடம் ஒப்படைக்கிறது. செலரி, சி++இல் எழுதிய ஜிடிஏஎல் கருவியைக் கூப்பிட்டு அதைத் தரவுத்தள அட்டவணையாக மாற்றுகிறது. பிறகு "இப்படி ஒரு அட்டவணை வந்திருக்கிறது, இதை வரைபடப் படலமாக வெளியிடு" என்று ஜியோசேர்வருக்கு இணைய அழைப்பாகச் சொல்கிறது. ஜாவா அதைப் பதிந்துகொண்டபின் தான் உலாவியில் குளம் தெரியும். ஒரே பொத்தானை அமர்த்தியதற்கு இத்தனை கை மாறல். ஏற்றம் "செயற்படுகிறது" என்றே மணிக்கணக்காக நின்றால் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். செலரிக்கு வேலையைக் கடத்தும் செய்தி வரிசை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். 504 என்று வந்தால் உள்ளே ஏதோ 60 வினாடிக்குள் பதில் சொல்லவில்லை என்று பொருள். அது என்ஜின்எக்சின் இயல்புப் பொறுமை. அந்தப் பொறுமையைக் கூட்டினால் செய்தி மறையும், தாமதம் மறையாது. தாமதம் பெரும்பாலும் இடத்தை விரைவாகத் தேட உதவும் இடச் சுட்டி போடாத அட்டவணையால் அல்லது ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகம் போதாததால் வரும். முழுத் தொகுதிக்கும் 8 ஜிகாபைட் நினைவகத்துக்குக் குறைந்த சேர்வரில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 16 இருந்தால் நிம்மதி.

இனி ஆள்கூறு. அதிக நேரத்தை விழுங்குவது இதுதான்.

இரணைமடுக் குளம் ஏறத்தாழ வடக்கு 9.3 பாகை, கிழக்கு 80.4 பாகையில் இருக்கிறது. ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் கிழக்கை முதலிலும் வடக்கைப் பின்னும் எழுதவேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ்சில் புள்ளி உண்டாக்கும்போதும் அதே ஒழுங்கு. ஓபின்லேயர்சும் அப்படியே. ஆனால் அதே உலாவியில் ஓடும் லீஃப்லெட் நூலகம் வடக்கை முதலில் கேட்கும். ஜியோசேர்வரிடம் படம் கேட்கும் டபிள்யூஎம்எஸ் முறையின் 1.1.1 பதிப்பில் கிழக்கு முதல். 1.3.0 பதிப்பில், பாகையில் அளக்கும் ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆள்கூற்று முறையைக் குறிப்பிட்டால், வடக்கு முதல். 2019இல் புரோஜ் 6உம் ஜிடிஏஎல் 3உம் வந்தபோது அவையும் அதிகாரபூர்வ ஒழுங்குக்கு, அதாவது 4326இல் வடக்கு முதல் என்பதற்கு, மாறின. அதனால் பழைய பைதன் நிரல் புதிய சேர்வரில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மாறி எழுதத் தொடங்கும். மாறினால் என்ன ஆகும்? இரணைமடு வடக்கு 80 பாகைக்குப் போய், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் வட துருவக் கடலில் விழும். திரையில் வெறுமை. மாணவர் நிறத்தையும் படலத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. முற்றாகத் தூர விலக்கிப் பார்த்தால் தெரியும். பைதனிலிருந்து புரோஜைக் கூப்பிடும் பைபுரோஜ் பயன்படுத்துபவர்கள் மாற்றியை உண்டாக்கும் போதே "எப்போதும் கிழக்கு–வடக்கு" என்ற தெரிவைக் கொடுத்துவிட வேண்டும். அது ஒரு சொல். எழுதாமல் விட்டால் ஒரு நாள் போகும்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. நில அளவைத் தரவுகள், இடத்தை மீற்றர் எண்களால் குறிக்கும் இரண்டு ஆள்கூற்றுக் கட்ட முறைகளில் கிடைக்கின்றன. பழையது கண்டவளைக் கட்டம், ஈபிஎஸ்ஜி 5234. புதியது 1999ஆம் ஆண்டின் எஸ்எல்டி 99, ஈபிஎஸ்ஜி 5235. இரண்டும் பிதுருதலாகலை மலையை மையமாகக் கொண்டவை. பழையது அந்த மலைக்கு 200,000, 200,000 என்ற எண்ணைத் தருகிறது. புதியது 500,000, 500,000 தருகிறது. இரண்டு திசையிலும் சரியாக 300 கிலோமீற்றர் வித்தியாசம். பழைய கட்டத்தில் இரணைமடு ஏறத்தாழ கிழக்கு 165,000, வடக்கு 455,000. இந்த எண்களைப் புதிய கட்டம் என்று சொல்லி ஏற்றினால் குளம் கன்னியாகுமரிக்குத் தெற்கே 150 கிலோமீற்றருக்கும் அப்பால் கடலில் மிதக்கும். எண்ணைப் பார்த்தே கட்டத்தைச் சொல்லிவிடலாம். வன்னிக்குரிய தரவில் வடக்கு எண் ஏழு இலட்சம் அளவில் இருந்தால் புதியது, நான்கு இலட்சம் அளவில் இருந்தால் பழையது. வரைபடத் தரவை ஷேப் கோப்பு என்ற வடிவத்தில் கொடுப்பவர்களிடம் கூடவே வரவேண்டிய நான்கு கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கட்டத்தின் பெயர் இருப்பது பிஆர்ஜே என்ற சிறு கோப்பில். மின்னஞ்சலில் அனுப்பும்போது தொலைவது அதுதான்.

தரவுத்தளத்துக்குள் வந்தபின் இரண்டு கட்டளைகள் ஆளைக் குழப்பும். செட்எஸ்ஆர்ஐடி என்பது பெயர்ச்சீட்டு ஒட்டுவது, எண்கள் மாறாது. டிரான்ஸ்போர்ம் என்பது எண்களையே மாற்றுவது. சீட்டில்லாத தரவுக்குச் சீட்டை ஒட்டு, சீட்டுள்ளதை மாற்று. இந்த ஒழுங்கை மறந்து, 5235 இல் வந்த எண்கள் மேல் 4326 என்று சீட்டு ஒட்டியதனால் குழம்பிய அட்டவணைகள் ஏராளம். இதே வேலையை உலாவியில் செய்தால் வேறு பள்ளம் இருக்கிறது. சேர்வரில் உள்ள புரோஜ் நூலகத்தோடு எல்லாக் கட்டங்களின் விபரமும் ஒரு சிறு தரவுத்தளமாக வருகிறது. அதன் ஜாவாஸ்கிரிப்ட் தம்பியான புரோஜ்4ஜேஎஸ்சிடம் அது கிடையாது. இலங்கைக் கட்டத்தின் வரையறையை நாமே ஒரு வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரியின் கடைசியில் வரும், கண்டவளை அடிப்படையை உலக அடிப்படைக்கு நகர்த்தும் எண்களைச் சிலர் நீளம் என்று வெட்டிவிடுகிறார்கள். குளம் கடலுக்குப் போகாது, இருநூறு மீற்றருக்கு மேல் கிழக்கு மேற்காக நகரும். துருசு கட்டுக்கு வெளியே வயலுக்குள் நிற்கும். இதுதான் ஆபத்தான பிழை, ஏனென்றால் பார்ப்பவருக்கு ஓரளவு சரிபோலவே இருக்கும்.

பரப்பளவு பற்றியும் சொல்லவேண்டும். ஏக்கர் கணக்கு வன்னியில் சின்ன விடயம் இல்லை. இணைய வரைபடங்கள் திரைக்குப் பயன்படுத்தும் 3857 என்ற முறை நடுக்கோட்டை விட்டு விலக விலக நிலத்தைப் பெருக்கிக் காட்டும். நம் அகலாங்கில் அது ஏறத்தாழ 3 வீதம். உலாவியில் வரைந்த வயல் எல்லைக்கு அதே முறையில் பரப்புக் கண்டால் 1,000 ஏக்கர் 1,030 ஏக்கருக்கு மேலாகத் தெரியும். 4326இல் கண்டால் சதுரப் பாகையில் விடை வரும், அதற்குப் பொருளே இல்லை. 5235க்கு மாற்றிப் பரப்பைக் கண்டு, சதுர மீற்றரை 4,046.86 ஆல் வகுத்து ஏக்கராக்குங்கள். எல்லைக்கோட்டை எளிமையாக்கும் கட்டளைக்கும் இதே எச்சரிக்கை. 10 என்று கொடுத்தால் 5235இல் அது பத்து மீற்றர், 4326இல் பத்துப் பாகை. பத்துப் பாகை முழு இலங்கையை விடப் பெரிது, குளம் சுவடில்லாமல் போய்விடும்.

ஒரே கணக்கு மூன்று மொழியில் இருக்கிறதென்று மேலே எழுதினோம். அதனாலேயே அதை மூன்று இடத்திலும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். உலாவியில் பலரும் பயன்படுத்தும் டர்ஃப் நூலகம் பூமியை உருண்டையாக வைத்துத் தூரம் காண்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ்சின் ஜியோகிரபி வகை, துருவங்களில் சற்றுத் தட்டையான வடிவமாகவே வைத்துக் காண்கிறது. 10 கிலோமீற்றரில் இந்த வித்தியாசம் சில பத்து மீற்றருக்குப் போகலாம். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான ஒரு நாளில் "இந்த வீடு தாழ்நில எல்லைக்குள் உள்ளதா" என்ற கேள்விக்குப் போன் ஒரு விடையும் அலுவலக அறிக்கை இன்னொரு விடையும் சொல்லக்கூடாது. தீர்மானிக்கும் கணக்கைத் தரவுத்தளத்தில் மட்டும் செய்யுங்கள். உலாவி காட்டுவதோடு நிற்கட்டும்.

நேரத்திலும் இதே கதை. அதிகாலை 5 மணிக்குக் குறித்த நீர்மட்டத்தைத் தரவுத்தளம் உலக நேரத்தில் வைத்தால் அது முதல்நாள் இரவு 11.30. வலயத்தைக் குறிப்பிடாமல் பைதன் திகதியை மட்டும் வெட்டியெடுத்தால் நீர்மட்டம் ஒரு நாள் முந்திக் குறிக்கப்பட்டதாக அட்டவணை சொல்லும். சேமிக்கும் இடத்தில் வலயத்தோடு கூடிய நேர வகையையே பயன்படுத்தி, காட்டும் இடத்தில் மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்.

தமிழுக்கு வருகிறோம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஷேப் கோப்பின் பண்புப் பெயருக்கு, அதாவது அட்டவணை நிரலின் தலைப்புக்கு, பத்து பைட் மட்டுமே இடம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் மூன்று பைட். "இரணைமடு" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு இ, ர, ண, ஐகாரக் குறி, ம, ட, உகரக் குறி என்று ஏழு குறியீடு, அதாவது 21 பைட். ஆகவே பண்புப் பெயரைத் தமிழில் வைத்தால் மூன்று குறியீட்டோடு முறிந்துவிடும், சிலவேளை ஒரு குறியீட்டின் நடுவிலேயே முறிந்து கோப்பையே வாசிக்க முடியாமல் போகும். பெட்டிக்குள் இருக்கும் விபரத்துக்கும் 254 பைட்தான் எல்லை, 84 தமிழ்க் குறியீடு. ஷேப் கோப்பை விட்டுவிட்டு ஜியோபக்கேஜ் வடிவத்துக்கு மாறுங்கள். அதற்கு இந்த எல்லைகள் இல்லை, ஒரே கோப்பு, பிஆர்ஜே தொலையும் பயமும் இல்லை.

அலுவலகங்களிலிருந்து வரும் பழைய பட்டியல்கள் பல இன்னமும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் அவை ஆங்கில எழுத்துக் குவியல், புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. மாற்றும்போது வெறும் எழுத்துக்கு எழுத்து அட்டவணை போதாது. பாமினியில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோட்டில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஒழுங்கையும் மாற்ற வேண்டும். மாற்றியபின் இன்னொரு பொறி காத்திருக்கிறது. "கொக்கிளாய்" என்ற ஊர்ப்பெயரின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. தேடலில் இரண்டும் வேறு வேறு சொல். பட்டியலில் கொக்கிளாய் இருக்கும், தேடினால் "இல்லை" என்று வரும். இதற்கு மருந்து எல்லா மொழியிலும் இருக்கிறது. பைதனில் யூனிகோட்டேட்டா, ஜாவாவில் நோர்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் நோர்மலைஸ், போஸ்ட்கிரெஸ் 13 முதல் எஸ்கியூஎல்லிலும் அதே பெயரில். எல்லா இடத்திலும், குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்தைத் தெரிந்தெடுங்கள். தரவு உள்ளே நுழையும்போது ஒருமுறை, தேடல் சொல் வரும்போது ஒருமுறை. ஒரு பக்கம் மட்டும் செய்தால் செய்யாததற்குச் சமன்.

வரைபடத்தில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக வெறும் சதுரப் பெட்டிகள் தெரிகின்றன என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறோம். பார்ப்பவர் தன் போனில் தமிழ் எழுத்துரு இல்லை என்று நினைக்கிறார். அந்தப் பெயரை வரைந்தது போன் அல்ல, சேர்வரில் இருக்கும் ஜாவா. எழுத்துரு இல்லாதது அங்கேதான். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை ஜியோசேர்வர் ஓடும் டொக்கர் கொள்கலத்தில் நிறுவி, மீள ஆரம்பித்து, அதன் நிலைப் பக்கத்திலுள்ள எழுத்துருப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு பாணிக் கோப்பிலும் அதே பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலத்துக்குள் நிறுவியதோடு விட்டால், அடுத்த முறை கொள்கலத்தைப் புதிதாக எழுப்பும்போது எழுத்துரு போய்விடும். கொள்கலத்தை உண்டாக்கும் கோப்பிலேயே அந்த வரியைச் சேருங்கள். ஓபின்லேயர்ஸ் உலாவிக்குள்ளேயே வரையும் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே போனின் எழுத்துருவே வேலை செய்யும்.

இணைப்பு மெதுவான இடங்களுக்காக ஒரு கணக்கு. வரைபடப் படம் 256க்கு 256 புள்ளிச் சதுரத் துண்டுகளாக வருகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 7,860 சதுர கிலோமீற்றர். பெரிதாக்கலின் 16ஆம் நிலையில் ஒரு துண்டின் பக்கம் நம் அகலாங்கில் சுமார் 600 மீற்றர், ஆகவே 21,600 துண்டு அளவில் வேண்டும். 18ஆம் நிலையில் அது பதினாறு மடங்காகி மூன்றரை இலட்சத்தை நெருங்கும். ஒன்று 10 கிலோபைட் என்றாலும் மூன்று ஜிகாபைட்டுக்கு மேல். ஆகவே 16 வரை முழு நிலப்பரப்புக்கும், 18 வரை குளக்கட்டு, துருசு, சந்தி போன்ற இடங்களுக்கு மட்டும் முன்கூட்டி வரைந்து வையுங்கள். ஓபின்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேர்வரிலிருந்து துண்டுகளை மொத்தமாக இறக்கக் கூடாது. அவர்களின் விதி அதைத் தடுக்கிறது. அவர்களின் தரவை எடுத்து நம் சேர்வரிலேயே வரைவதுதான் முறை. எல்லைக்கோட்டை ஜியோஜேசனாக அனுப்பினால் தசமத்தை ஐந்து இலக்கத்தோடு நிறுத்துங்கள். அது ஒரு மீற்றர் துல்லியம், குளத்துக்குத் தாராளம். பதினைந்து இலக்கத்தோடு அனுப்பும் கோப்பு அதைப்போல் இரண்டு மடங்கு கனம்.

ஏதாவது தெரியவில்லை என்றால் எல்லா மொழிகளையும் ஒரே நேரத்தில் கிளறாதீர்கள். அடியிலிருந்து மேலே வாருங்கள். முதலில் தரவுத்தளத்தில் அட்டவணையின் எல்லையைப் பாகையில் (4326) கேளுங்கள். வன்னிக்குக் கிழக்கு 79.6 முதல் 81.1, வடக்கு 8.5 முதல் 9.8 என்ற பெட்டிக்குள் விடை விழவேண்டும். விழுந்தால் ஜியோசேர்வரின் முன்னோட்டப் பக்கத்தில் படலத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால் ஜாவாவரை சரி. ஜியோநோட் பக்கத்தில் உள்நுழைந்து பார்த்தால் தெரிந்து, வெளியேறிப் பார்த்தால் மறைந்தால், அனுமதிதான் காரணம், அது பைதனுக்கும் ஜாவாவுக்கும் இடையில். எல்லாம் சரியாக இருந்தும் போனில் மட்டும் வரவில்லையென்றால் கணினி உலாவியில் எஃப்12 அமர்த்தி வலைப் போக்குவரத்தைப் பாருங்கள். சேர்வரின் முகவரி மாறியபின் பழைய முகவரிக்கே அழைப்புப் போகிறதா என்று அங்கே தெரியும். முகவரியை ஜியோநோட் பல அட்டவணைகளில் எழுதி வைத்திருக்கிறது. அவற்றை மாற்றவென்றே ஒரு நிர்வாகக் கட்டளை தந்திருக்கிறார்கள். கையால் தேடி மாற்ற வேண்டாம்.

பயிற்சி நிலையங்களிடமும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்திடமும், வவுனியாப் பல்கலைக்கழகத்திடமும் நாங்கள் கேட்பது இதுதான். மாணவர் குழுவொன்றுக்கு ஒரே ஒரு சிறு குளத்தைக் கொடுங்கள். அதன் கட்டை நடந்து அளப்பதிலிருந்து போனில் தெரிவதுவரை அவர்களே செய்யட்டும். செய்து முடித்தபின் ஆசிரியர் ஒவ்வொரு பொருத்தாக வேண்டுமென்றே பிழையாக்கிக் கொடுக்கட்டும். ஒரு நாள் கிழக்கு–வடக்கு ஒழுங்கு, ஒரு நாள் கட்டம், ஒரு நாள் எழுத்துரு, ஒரு நாள் கோப்பு எல்லை. எந்த மொழியின் வாசலில் பிழை என்று கண்டுபிடிப்பதுதான் பரீட்சை.

விலைமனு கோரும் பிரதேச சபைகளிடமும் ஒன்று கேட்கிறோம். "இன்ன மொழியில் செய்யவேண்டும்" என்று எழுதுவதை விட்டு, தரவு எந்தக் கட்டத்தில், தமிழ் எந்த வடிவத்தில், நிர்வாகியின் இயல்புக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா என்று எழுதுங்கள். ஜியோசேர்வரின் இயல்புக் கடவுச்சொல் அதன் பெயரேதான், உலகம் முழுக்கத் தெரியும். காப்புப் பிரதி எங்கே என்றும் கேளுங்கள். இந்தத் தொகுதியில் தரவு ஓரிடத்தில் இல்லை. பயனரும் அனுமதியும் ஒரு தரவுத்தளத்தில், குளத்தின் கோடுகள் இன்னொரு தரவுத்தளத்தில், நிறமும் பாணியும் ஜியோசேர்வரின் அடைவில், ஏற்றிய ஆவணங்கள் வேறொரு அடைவில். தரவுத்தளத்தை மட்டும் பிரதியெடுத்து வைத்தால் மீட்கும் நாளில் குளங்கள் வரும், வரைபடம் வராது. நான்கையும் ஒரே இரவில் எடுத்து, சேர்வருக்கு வெளியே ஒரு வட்டில் வைத்து, ஐப்பசி பிறக்குமுன் வெறும் கணினியொன்றில் ஒருமுறை மீட்டுக் காட்டும்வரை கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
இணைய வரைபட வேலையில் ஈடுபட்டுள்ள சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.